ரோன் நதிக்கரைத் திராட்சையின் அமெரிக்க வேர்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

பிரான்சு நாட்டின் ரோன் நதிப் பள்ளத்தாக்கையும், அங்கே விளையும் திராட்சையையும், அதிலிருந்து செய்யும் ஒயினையும் பற்றி எழுதப்போகிறேன். “டீச்சர் எதுக்கு இதையெல்லாம் எழுதுறாங்க” என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒயினின் ருசி தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. என்னை இழுத்தது அதன் பின்னால் இருக்கும் விவசாயக் கதை. ஒரு நாடே பெருமையாகச் சொல்லிக்கொண்ட பயிர், முப்பது ஆண்டுகளுக்குள் கண்ணெதிரே செத்து, பிறகு வேறொரு நாட்டு வேரின்மேல் நின்று பிழைத்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் பதியம், ஒட்டு என்று பாடம் நடத்தும்போது உங்களுக்கெல்லாம் ஒட்டு மாங்கன்றைத்தான் காட்டினேன். அந்தப் பாடத்துக்கு உலகத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இந்த ரோன் நதிக்கரையில்தான் இருக்கிறது.

முதலில் நதி. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றில் பிறக்கிறது ரோன். ஜெனிவா ஏரிக்குள் புகுந்து வெளியே வந்து, லியோன் நகரில் சோன் என்ற நதியைச் சேர்த்துக்கொண்டு, நேர் தெற்கே திரும்பி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 810 கிலோமீட்டர், ஏறக்குறைய நம் காவிரி அளவு. லியோனுக்குக் கீழே வியன் என்ற ஊரிலிருந்து வலான்ஸ் வரை பள்ளத்தாக்கு குறுகலாக இருக்கும். இருபுறமும் செங்குத்தான கருங்கல் சரிவுகள். அதில் கல்சுவர் எழுப்பி, படிப்படியாக மண்ணை நிறுத்தி, கொடி வளர்க்கிறார்கள். அங்கே ஒரு மலைச்சரிவுக்குப் பெயரே ‘கோத் ரோத்தி’, அதாவது வறுபட்ட சரிவு. வெயில் அப்படி விழும். சிரா என்ற கறுப்புத் திராட்சைதான் அங்கே ராஜா. பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து ஒரு வீரன் கொண்டுவந்த கொடி அது என்று நெடுங்காலம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களின் இறுதியில் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது, அதன் தாய் தந்தை இரண்டுமே பிரான்சின் தென்கிழக்குப் பகுதித் திராட்சைகள்தான் என்று தெரிந்துவிட்டது. கதை நன்றாக இருந்தது, என்ன செய்வது.

இன்னும் தெற்கே போனால் பள்ளத்தாக்கு விரிந்துவிடும். அவிஞ்ஞோன் நகரத்தைச் சுற்றி வெயிலும், உருண்டைக் கூழாங்கற்களும், மிஸ்ட்ரால் என்ற பேய்க்காற்றும் உண்டு. அந்தக் காற்று இலையின் ஈரத்தை உலர்த்திவிடுவதால் பூசணம் பிடிப்பது குறையும் என்று விவசாயிகள் அதைத் திட்டிக்கொண்டே வாழ்த்துவார்கள். இங்கே கிரெனாஷ் என்ற திராட்சை அதிகம்.

கிறிஸ்துவுக்கு முன் 600 வாக்கில் கிரேக்கர்கள் மார்சேய் துறைமுகத்தை நிறுவியபோது திராட்சை இந்தப் பக்கம் வந்தது. ரோமானியர் காலத்தில் நதி வழியாக வடக்கே ஏறியது. பிறகு போப்பாண்டவர்கள் வந்தார்கள். 1309 முதல் 1377 வரை, ஏழு போப்பாண்டவர்கள் ரோமில் அல்லாமல் அவிஞ்ஞோனில் இருந்து திருச்சபையை ஆண்டார்கள். அவர்களில் ஒருவரான இருபத்திரண்டாம் ஜான், பக்கத்துக் கிராமத்தில் ஒரு கோட்டை கட்டினார். அந்த ஊருக்கு இன்றைய பெயர் ஷாத்தோநெஃப்-து-பாப், போப்பின் புதுக்கோட்டை. நம் புதுக்கோட்டைப் பிள்ளைகள் கவனிக்கவும்! 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. இன்று ஒரு பாதிக் கோபுரம் மட்டும் நிற்கிறது.

அவிஞ்ஞோனுக்கு வடக்கே, நதியின் மேற்குக் கரையில் ரோக்மோர் என்று ஒரு சிறிய ஊர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அது ஒரு நதித் துறைமுகம். ஒயின் பீப்பாய்கள் அங்கிருந்துதான் படகு ஏறும். வெளியூர் மட்டச் சரக்கைக் கொண்டுவந்து இந்த ஊர்ப் பெயரில் விற்கிறார்கள் என்ற புகார் வரவே, 1737இல் அரசாணை ஒன்று பிறந்தது. ரோக்மோரிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்து போகும் பீப்பாய்களில் ‘சி.டி.ஆர்.’ என்ற எழுத்துக்களையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும். ‘ரோன் கரை’ என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துக்கள் அவை. பெயரைக் காப்பாற்றச் சட்டம் போட்ட அதே ஊருக்குத்தான், நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வினையும் வந்து இறங்கியது.

அதற்கு முன் அந்தப் பகுதி விவசாயிகளின் நிலையைச் சொல்ல வேண்டும். கீழ் ரோன் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று பிழைப்புகள் இருந்தன. முதலாவது பட்டுப்புழு. 1850களில் புழுக்களுக்குக் கொள்ளைநோய் வந்து, அதை ஆராய 1865இல் லூயி பாஸ்டரையே அலெஸ் என்ற ஊருக்கு அனுப்பும் அளவுக்கு நிலைமை முற்றியது. இரண்டாவது, சிவப்புச் சாயம் எடுக்கும் மஞ்சிட்டி இனச் செடி. பிரெஞ்சுப் படைவீரர்களின் சிவப்புக் கால்சட்டைக்கு அந்த வேர்தான் சாயம் கொடுத்தது. 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவர் அந்தச் சாயப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் செடியின் விலை பாதாளத்துக்குப் போயிற்று. (நம் சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருந்தது இதே அலிசரின்தான்.) மிச்சம் இருந்தது மூன்றாவது, திராட்சை. ரயில் வந்துவிட்டதால் வடக்கே பாரிஸ் வரை சந்தை திறந்திருந்தது. ‘இதையாவது பிடித்துக்கொள்வோம்’ என்று அவர்கள் திராட்சைப் பக்கம் சாய்ந்த வேளை அது.

திராட்சைக்கும் ஏற்கெனவே ஓர் அடி விழுந்திருந்தது. 1840களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய், 1854இல் பிரான்சின் விளைச்சலை வெகுவாகக் குறைத்தது. கந்தகத்தூள் தூவினால் கட்டுப்படும் என்று கண்டுபிடித்துச் சமாளித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இந்த வைத்தியத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நோயின்போது ஒரு விஷயத்தைத் தோட்டக்காரர்கள் கவனித்தார்கள். அமெரிக்கக் கொடிகளை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. உடனே ஆர்வலர்கள் அமெரிக்காவிலிருந்து கொடிகளை வரவழைத்து நட ஆரம்பித்தார்கள். பாய்மரக் கப்பல் காலமாக இருந்திருந்தால் நீண்ட பயணத்தில் வேரோடு வந்த பூச்சியும் செத்திருக்கும். நீராவிக் கப்பல் பயணத்தைச் சுருக்கிவிட்டது. பூச்சி உயிரோடு கரை இறங்கியது.

1862இல் ரோக்மோர் ஊரின் ஒயின் வியாபாரி போர்த்தி என்பவருக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு நண்பர் அமெரிக்கக் கொடிகளை ஒரு பெட்டியில் அனுப்பிவைத்தார். அவர் அவற்றைத் தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் நட்டார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நாம் வெளியூர் போனால் ஒரு ரோஜாக் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு வருவதில்லையா, அதுபோலத்தான். மறு ஆண்டு, 1863இல், பக்கத்துக் கிராமமான புஜோவில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. கோடையிலேயே இலை மஞ்சளாகி, சிவந்து, உதிர்ந்தது. மறு வருடம் துளிர் குட்டையாக வந்தது. மூன்றாம் வருடம் கொடி செத்தது. தோட்டத்தின் நடுவில் ஒரு வட்டமாகத் தொடங்கி, எண்ணெய்க்கறை பரவுவதுபோல ஆண்டுதோறும் அகலமாயிற்று. செத்த கொடியைப் பிடுங்கினால், வேர் கறுத்து அழுகி, கையோடு வந்துவிடும். அதில் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை.

நதியைத் தாண்டி நோய் கிழக்குக் கரைக்குப் போனது. ஆர்ல் பக்கமெல்லாம் தோட்டங்கள் காய்ந்தன. 1868 ஜூலையில் மோன்பெலியே நகர விவசாயச் சங்கம் மூன்று பேரை அனுப்பிவைத்தது. ஒருவர் தாவரவியல் பேராசிரியர் ஜூல் எமில் பிளான்ஷோன். இன்னொருவர் காஸ்தோன் பஸீய், சங்கத்துப் பெரியவர், திராட்சைத் தோட்ட உரிமையாளர். மூன்றாமவர் ஃபெலிக்ஸ் சாயு, நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். ஜூலை 15ஆம் தேதி, சான் ரெமி ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இறங்கினார்கள். (ஓவியர் வான்கோ பின்னாளில் சிகிச்சைக்குத் தங்கியிருந்த அதே சான் ரெமிதான்.)

இந்த இடத்தைத்தான் நான் வகுப்பில் இரண்டு முறை சொல்லியிருப்பேன். முதலில் அவர்களும் எல்லோரையும்போலச் செத்த கொடிகளைத் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக, நோயே இல்லாததுபோல நின்ற கொடியைத் தோண்டினார்கள். அதன் வேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மஞ்சள் பொடியைப் பூசியதுபோல ஆயிரக்கணக்கான பேன்கள் அப்பிக்கொண்டிருந்தன. அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வேரில் குத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் முடிச்சாக வீங்கி, வெடித்து, பூசணம் நுழைந்து அழுகும். வேர் செத்ததும் அது அடுத்த உயிருள்ள வேரைத் தேடிப் போய்விடும். அதனால்தான் செத்த கொடியில் அது அகப்படவே இல்லை. ஆண் துணை இல்லாமலே பெண் பூச்சி முட்டையிட்டுக்கொண்டே போகும், ஒரே கோடையில் பல தலைமுறை. பிளான்ஷோன் அதற்கு வைத்த பெயரில் ‘நாசகாரி’ என்று பொருள்படும் வாஸ்டாட்ரிக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தார். ஃபைலாக்சரா வாஸ்டாட்ரிக்ஸ்.

குற்றவாளி அகப்பட்டான், வேலை முடிந்தது என்று நினைப்போம். பாரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ‘பூச்சி காரணம் அல்ல, விளைவு. கொடி பலவீனமானதால் பூச்சி வந்திருக்கிறது. மண் சோர்ந்துவிட்டது, வானிலை சரியில்லை’ என்று தலைநகரத்துப் பெரிய பூச்சியியலாளர்களே எழுதினார்கள். மாகாணத்துப் பேராசிரியர் சொன்னதைத் தலைநகர் காது கொடுத்துக் கேட்பது எந்த நாட்டில்தான் சுலபம்? இந்தச் சண்டையில் விலையுயர்ந்த ஆண்டுகள் போயின. நடுவில் 1870இல் ஜெர்மனியோடு போர் வேறு. காஸ்தோன் பஸீயின் மகன் ஃப்ரெதெரிக் பஸீய், மோனே, ரென்வார் ஆகியோரின் நண்பரான இளம் ஓவியர். 28 வயதில் அந்தப் போரில் சுடப்பட்டு இறந்தார். தந்தை போர்க்களம் வரை போய் உடலைத் தேடி எடுத்துவந்து சொந்த ஊரில் அடக்கம் செய்தார். பூச்சிப் போரை முன்னின்று நடத்தியவர் வீட்டில் அந்த ஆண்டு இப்படி விடிந்தது. ஓவியத்தைப் பற்றிய புத்தகங்களில் மகனைப் பார்த்திருக்கிறேன். தந்தையைப் பற்றி அவற்றில் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் ஒரு நல்ல மனிதர் இருந்தார். சார்ல்ஸ் வேலண்டைன் ரைலி, அமெரிக்காவின் மிசூரி மாநில அரசுப் பூச்சியியலாளர். அமெரிக்கக் கொடிகளின் இலையில் முடிச்சு போடும் ஒரு பேனும், பிரான்சில் வேரைத் தின்னும் பேனும் ஒன்றே என்று அவர் கண்டறிந்தார். 1871இல் பிரான்சுக்கு வந்து பார்த்தார். 1873இல் பிளான்ஷோன் அமெரிக்கா போனார். அங்கே காட்டில் வளரும் திராட்சைகளின் வேரில் அதே பேன் இருக்கிறது, கொடி சாகவில்லை. டார்வினின் கொள்கையைப் படித்தவர் ரைலி. அவருக்கு விடை எளிதாக விளங்கியது. காலங்காலமாகப் பூச்சியோடு சேர்ந்து வாழ்ந்த கொடி, காயத்தைச் சுற்றித் தக்கைபோல ஒரு படலத்தை வளர்த்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கமே வந்ததில்லை.

பிரெஞ்சு அரசு 1870இல் பூச்சிக்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 20,000 பிராங்கு பரிசு அறிவித்தது. 1874இல் அதை மூன்று லட்சமாக உயர்த்தியது. பரிசு பெரிதானால் யோசனைகளுக்குக் கேட்க வேண்டுமா? நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. கொடிக்கு அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தால் விஷத்தை அது இழுத்துக்கொள்ளும் என்றார் ஒருவர். மாட்டு மூத்திரம், தார், மீன் எண்ணெய் என்று வேரில் ஊற்றாத பொருளே இல்லை. ரோக்மோரில் ஒரு தோட்டக்காரர் வேறு வழியில் போனார். ரோமிலிருந்து புனித வாலண்டைனின் திருப்பண்டத்தை விலைக்கு வாங்கி, 1868இல் ஊர்க் கோயிலுக்குக் கொண்டுவந்தார், திராட்சையைக் காப்பாற்ற. ஆமாம் பிள்ளைகளா, நீங்கள் பிப்ரவரி 14 அன்று வாழ்த்து அனுப்பிக்கொள்கிறீர்களே, அதே வாலண்டைன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நம் சனங்களுக்கு அவர் மனசு புரியும். நான் அவரைக் கேலி செய்ய மாட்டேன். அந்த வருடம் அறிவியலிடமும் அவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

உண்மையில் பலன் தந்த வழிகள் மூன்று. கிராவ்சோன் ஊரைச் சேர்ந்த லூயி ஃபோகோன் என்ற விவசாயி, குளிர்காலத்தில் தோட்டத்தில் தண்ணீரைக் கட்டி, வாரக்கணக்கில் நெல்வயல்போல நிறுத்தினார். பூச்சி மூச்சுமுட்டிச் செத்தது, கொடி பிழைத்தது. ஆனால் இது சமதளத்துக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். மலைச்சரிவில் எப்படித் தண்ணீரைக் கட்டுவது? இரண்டாவது மணல். ரோன் கடலில் கலக்கும் கமார்க் பகுதி மணலில் பூச்சியால் நகர முடியவில்லை. அதுவரை யாரும் சீந்தாத அந்தக் கடற்கரை மணலுக்கு ஒரே இரவில் மவுசு வந்தது. உப்பளக் கம்பெனியே அங்கே திராட்சை பயிரிட்டது. மூன்றாவது கார்பன் டைசல்பைடு. நீண்ட இரும்புக் குழாய் ஊசியால் ஒவ்வொரு கொடியின் அடியிலும் மண்ணுக்குள் செலுத்த வேண்டும். நாற்றம் பிடித்த, சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். அளவு கூடினால் கொடியே செத்துவிடும். வருடாவருடம் செய்ய வேண்டும். ஒயின் பீப்பாய்ச் சரக்கு நின்றுபோய் வருமானம் இழந்த ரயில் கம்பெனி இந்த மருந்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. பெரிய பண்ணைக்காரர்கள் சமாளித்தார்கள். அரைக்காணி வைத்திருந்தவனுக்கு மருந்துச் செலவு விளைச்சலைவிடப் பெரிது.

நான்காவதாக ஒரு வழி இருந்தது. 1869இலேயே லாலிமான் என்ற போர்தோ நகரத்துத் தோட்டக்காரர், தம்மிடம் இருக்கும் அமெரிக்கக் கொடிகள் மட்டும் சாகவில்லை என்று ஒரு மாநாட்டில் சொல்லியிருந்தார். அந்த வேரின்மேல் நம் கொடியை ஒட்டுக்கட்டினால் என்ன என்று காஸ்தோன் பஸீய் போன்றவர்கள் கேட்டார்கள். நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மருந்துக் கட்சிக்கு ‘கந்தகக்காரர்’ என்று பெயர், வேர்க் கட்சிக்கு ‘அமெரிக்கக்காரர்’. பாரிஸ் அரசும் அறிவியல் கழகமும் மருந்தின் பக்கம். நோய் இன்னும் வராத மாவட்டங்களில் அமெரிக்கக் கொடியைக் கொண்டுவருவதே சட்டப்படி குற்றம். அதிலும் நியாயம் இருந்தது, பூச்சியைக் கொண்டுவந்ததே அந்தக் கொடிதானே. வீட்டுக்குத் தீ வைத்தவனையே அணைக்கக் கூப்பிடுவதா என்று கேட்டவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கீழ் ரோன் பகுதிக்கும் அதை ஒட்டிய தெற்கு மாவட்டங்களுக்கும் காத்திருக்க நேரம் இல்லை. அங்கே கொடிகள் ஏற்கெனவே செத்துவிட்டன. இழக்க ஒன்றும் இல்லாதவர்களே முதலில் ஒட்டுக்கத்தியைக் கையில் எடுத்தார்கள். மோன்பெலியே விவசாயப் பள்ளி சோதனைத் தோட்டம் போட்டது. குளிர்காலத்தில் ஊர் ஊராக ஒட்டுக்கட்டும் பயிற்சி நடந்தது. அமெரிக்க வேர்ச்செடியின் தண்டைக் கோணலாகச் சீவி, அதே கோணத்தில் சீவிய உள்ளூர்க் குச்சியை நாக்கு நாக்காகப் பொருத்தி, நாரால் கட்டி, மண்ணை அணைத்து வைப்பார்கள். கீழே அமெரிக்க வேர், மேலே சிராவோ கிரெனாஷோ. ஒட்டு மாமரத்தில் நாட்டு மாங்காய் காய்ப்பதில்லை அல்லவா? அதேபோலப் பழம் பழைய ருசியில்தான் காய்த்தது. சிலர் ஒட்டே வேண்டாம், அமெரிக்க இனத்தின் கலப்புக் கொடியையே நட்டுவிடுவோம் என்று பார்த்தார்கள். பழத்தில் ஒரு காட்டு வாசனை வந்தது. நம் கடைகளில் கிடைக்கும் பெங்களூர் நீலத் திராட்சையை முகர்ந்து பாருங்கள், அந்த இனத்து வாசனைதான் அது. பிரெஞ்சு மூக்குக்குப் பிடிக்கவில்லை.

ஒட்டிலும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்க வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுத்தது. அந்த மண்ணைத் தாங்கும் காட்டுத் திராட்சையைத் தேடி, 1887இல் பியர் வியாலா என்ற மோன்பெலியே பேராசிரியர் அமெரிக்கா முழுக்க அலைந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் மன்சன் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் அங்கேயும் சுண்ணாம்பு மலை இருக்கிறது, அதில் காட்டுத் திராட்சையும் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. இன்னொரு தொல்லையும் கூடவே வந்தது. இறக்குமதியான கொடிகளோடு 1878 வாக்கில் அடிச்சாம்பல் நோய் நுழைந்தது. அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதுதான் நம் விவசாயிகள் இன்றும் தெளிக்கும் போர்டோ கலவை.

அந்த மூன்று லட்சம் பிராங்கு என்ன ஆயிற்று? லாலிமான் தமக்குத் தர வேண்டும் என்று கேட்டார். ‘நீர் பூச்சியை ஒழிக்கவில்லை, பூச்சியோடு வாழ வழி சொன்னீர்’ என்பதுபோல ஒரு காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்தப் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவே இல்லை. பதில் எழுதிய பையனுக்குக் கேள்வியின் வார்த்தையைக் காட்டி மதிப்பெண் குறைப்பதுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

1875இல் பிரான்சு சுமார் 840 கோடி லிட்டர் ஒயின் எடுத்தது. 1889இல் அது 230 கோடி லிட்டருக்கு இறங்கிவிட்டது. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கும் அல்ஜீரியாவுக்கும் போயின. ஒட்டுச்செடி நட்டவர்களுக்கும் முதல் விளைச்சலுக்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை கடன். வடக்கு ரோன் சரிவுகளில் கல்சுவர்கள் சரிந்து, பல படிகளில் மீண்டும் கொடி நடவே இல்லை, முள் மண்டிவிட்டது. அவ்வளவு கூலி கொடுத்து மலையில் மறுநடவு செய்ய யாரிடம் காசு இருந்தது?

சரக்கு குறைந்தால் கலப்படம் பெருகும். வெளிநாட்டு உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின் செய்தார்கள். சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றி இரண்டாம் முறை எடுத்தார்கள். புதுக்கொடிகள் காய்த்து நல்ல சரக்கு வந்தபோது, சந்தையில் போலிச் சரக்கு நிறைந்து விலை விழுந்திருந்தது. 1907இல் மேற்கே லாங்குதோக் பகுதியில் லட்சக்கணக்கான திராட்சை விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நார்போன் நகரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

ரோன் பக்கத்தில் இதற்கு விடை தேடியவர் பியர் லெ ருவா என்ற வழக்கறிஞர், முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். ஷாத்தோநெஃப் ஊரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பொறுப்பானவர். அவர்கள் ஊர்ப் பெயரில் கண்ட சரக்கையும் விற்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் போனபோது, முதலில் நீங்கள் ஒழுங்காக இருப்பதாக ஒத்துக்கொண்டால் வழக்கை எடுக்கிறேன் என்றாராம். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. 1923இல் சங்கம் அமைத்து விதிகள் எழுதினார்கள். எந்த நிலம் தகுதி என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல், லாவண்டரும் தைம் செடியும் சேர்ந்து முளைக்கிற வறண்ட நிலம். எந்தத் திராட்சை வகைகளை நடலாம், கொடியை எப்படிக் கவாத்து செய்ய வேண்டும், அறுவடையில் எவ்வளவு பழத்தைக் கழித்துக்கட்ட வேண்டும் என்றெல்லாம் வகுத்தார்கள். பத்தாண்டு வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் ஏற்றது. 1935இல் இதே முறை நாட்டுச் சட்டமாயிற்று. 1936இல் முதலில் அங்கீகாரம் பெற்ற ஊர்களில் ஷாத்தோநெஃப்பும் ஒன்று. நம் மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்திருக்கிறதே புவிசார் குறியீடு, அதற்கு மூத்த உறவு இது.

(அந்த ஊரின் இன்னொரு சட்டத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1954இல் பறக்கும் தட்டு வதந்தி பரவியபோது, ஊரெல்லைக்குள் பறக்கும் தட்டுகள் பறக்கவோ இறங்கவோ கூடாது, இறங்கினால் பறிமுதல் என்று மேயர் ஆணை போட்டார். இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை.)

ஆக, இந்த மண்ணில் விளைந்தது மட்டுமே இந்தப் பெயரைச் சுமக்கலாம் என்று அவ்வளவு கறாராக விதி எழுதிய ஊரில், விதிக்கு உட்பட்டு நிற்கும் கொடிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது அமெரிக்க வேர். விதி எழுதியவர்களுக்கும் இது தெரியும். அவர்களே ஒட்டுக்கட்டியவர்களின் பிள்ளைகள்தானே.

பூச்சி ஒழியவில்லை. இன்றும் ரோன் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. 1980களில் கலிபோர்னியாவில், ஐரோப்பியக் கலப்புள்ள ஒரு வேர்ச்செடியை நம்பி நட்ட தோட்டங்களை அது மறுபடி தின்றுதீர்த்தது. எல்லாவற்றையும் பிடுங்கி நட வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தில் திராட்சையை ‘டாக்ரிட்ஜ்’ என்ற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். அது டெக்சாஸ் பக்கத்துக் காட்டு இனம். அங்கே காரணம் பூச்சி அல்ல, வறட்சியும் உப்புத் தண்ணீரும்.

பிளான்ஷோன் 1888இல் காலமானார். மோன்பெலியே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. மேலே அவர் தலை, கீழே ஒரு திராட்சை விவசாயி குலையை ஏந்தி நிற்கிறார். பிரான்சில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஏழாம் வகுப்பு நடத்தும் இன்றைய டீச்சர்களுக்கு உதவும்.

பட்டுப்புழுவையும் பாஸ்டரையும் பற்றி ஒரு வரியோடு தாண்டி வந்துவிட்டேன். அது தனிக் கதை. கண் ஆபரேஷன் முடிந்ததும் எழுதுகிறேன்.